சீட்டு இல்லாமல் த்ரெடிங் இல்லை

"இனிமே இங்க வராதே!"

பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னாள் பார்லர் அக்கா.

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். கஸ்டமர் கேரில் வேலை அவளுக்கு. பொழுதுக்கும் ஊரார் திட்டைப் போனில் வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது. ஆனால் அது சம்பளத்துக்கு. இங்கே அவளல்லவா கஸ்டமர்!

"என்னக்கா இது? முகவாய் முடி எடுக்க வாரம் ரெண்டு தடவை வரேன். கழுத்துக் கறுப்புக்கு ப்ளீச் வேற. என்னையா வராதேங்கறீங்க?"

"வாரம் ரெண்டு தடவை வளருதுன்னா அது முடியோட தப்பில்ல. கழுத்துல இருக்கறது அழுக்கும் இல்ல, நான் தேய்ச்சுப் போக. மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

பக்கத்து நாற்காலிக்காரி பத்திரிகையைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

இவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று மாதமாக வரவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாத சங்கதி.

"அது உங்களுக்கு எதுக்கு?"

"மாடியில இருக்கற டாக்டரம்மாகிட்ட சீட்டு வாங்கிட்டு வா. அப்பதான் நூலைத் தொடுவேன்."

"லீவ் லெட்டரோட வர இது என்ன பள்ளிக்கூடமா?"

விடுவிடுவென்று வெளியேறினாள். 'வாய்க்கொழுப்பைப் பாரு! எனக்கு ஒண்ணுமில்லேன்னு எழுதி வாங்கி மூஞ்சியிலயே விட்டெறியறேன்' என்று கறுவிக்கொண்டு, மறுநாளே மாடியேறி அந்த டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். நான்காம் நாள் ரிசல்ட்டைப் பிரித்தார் டாக்டரம்மா.

"பி.சி.ஓ.எஸ். சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அது. பயப்படாதீங்க, பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்தருக்கு இருக்கறதுதான். இன்சுலின் சொல்றதை உங்க உடம்பு காதுல போட்டுக்க மாட்டேங்குது. அதனால இன்சுலின் இன்னும் கூட்டமா வந்து கத்துது. அந்தக் கூச்சல்ல சினைப்பை குழம்பிப் போகுது. முடி, கறுப்பு, தேதி தள்ளறது எல்லாம் அதனாலதான்."

"எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு டாக்டர்!"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இப்பவே வந்தீங்களே, நல்லதாப் போச்சு. இப்படியே விட்டா சர்க்கரை வியாதியில கொண்டுபோய் விட்டாலும் விட்டுடும். தினமும் நடங்க, சாப்பாட்டை மாத்துங்க, மாத்திரையும் தரேன். கட்டுக்குள்ள கொண்டு வந்துடலாம்."

மனசு லேசானது. ஆனாலும் எழுந்திருக்கத் தயங்கினாள்.

"டாக்டர்... ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா? பார்லர்ல காட்டணும்."

"மாடிப்படிக்குக் கீழ இருக்கே, அந்தப் பார்லர்தானே? அங்கேருந்து வர்ற பன்னிரண்டாவது ஆள் நீங்க!"

"மத்த பதினோரு பேரும்?"

"ஜம்முனு இருக்காங்க. நஷ்டம் அந்தம்மாவுக்குத்தான். வாரம் ரெண்டு தடவை போய்க்கிட்டிருந்தவங்கள்ல பாதிப் பேர் இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் அங்க தலையைக் காட்டறாங்க."

"ஐயையோ! இப்படி ஆகும்னு அவங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

"தெரியாமலா? ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே போன் பண்ணிடுவாங்க. 'கோபமா ஒரு பொண்ணு வருவா டாக்டர். என் கடைக்கு வர்ற வேலையே இல்லாம பண்ணி அனுப்புங்க!'"