மூன்றாவது நீர்த்தேக்கத்துக் கல்

பழைய யாத்திரைப் பாதை மூன்றாவது நீர்த்தேக்கத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு கல்லில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் வெயிலில் தகரத் தகடாய்க் கண்ணைக் குத்துகிறது. குறுக்கே கம்பிவேலி, ஒரு கை அள்ள வழியில்லை. கீழே கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சரளை நறநறக்க ஏறி வருகிறார். அவர் கல்லை நெருங்குகிற நேரம் பார்த்து அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொள்கிறாள். முந்தைய இரண்டு நீர்த்தேக்கங்களிலும் இதே கதைதான். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமே, மூச்சு வாங்குது." "முடியாதவங்க எதுக்கு வரணும்?" அவர் முகம் செத்துப்போகிறது. பல வருடங்களுக்கு முன்பு ஏழு மாத வயிற்றோடு அவள் இந்த ஏற்றத்தில் திணறி வந்தபோது, இதே கல்லிலிருந்து எழுந்தபடி அவர் கேட்டதுதான் இது. அந்தக் குழந்தை தங்கவில்லை. அவள் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அவர் கை நீட்டுகிறார். மிச்சத் தண்ணீரை அவள் நிதானமாகத் தன் பாதங்களில் ஊற்றிக்கொண்டு, நடக்கத் தொடங்குகிறாள்.