பதின்மூன்றாவது ஆள்

உடைமாற்றும் அறையின் உயரச் சன்னலிலிருந்து விழும் காலை வெயில் தங்கையின் முழங்காலில் நிற்கிறது. அக்கா அதற்கு டேப் சுற்றுகிறாள். சின்ன நாட்டின் ரக்பி செவன்ஸ் அணி, களத்தில் ஏழு பேர் ஆடும் ஆட்டம். கட்டுப்போடத் தனி ஆள் கிடையாது. பன்னிரண்டு பேர் பட்டியலில் இடம் கிடைக்காத பதின்மூன்றாவது வீராங்கனையான அக்காதான் அந்த வேலையையும் பார்க்க வேண்டும். யாராவது விலகினால்தான் அவளுக்கு ஆட்டம். அவளுடைய பழைய பூட்ஸில் ஓடப் பழகியவள்தான் இந்தத் தங்கை. இன்று ஏழாம் எண் ஜெர்சி அவள் முதுகில் பளபளக்கிறது. அடுத்த அறையில் பெரிய அணிக்காரிகள் பாட்டுப் போட்டுச் சிரிக்கிறார்கள். விரலுக்கடியில் முழங்கால் கொதிக்கிறது, பன் மாதிரி வீங்கியிருக்கிறது. "இறுக்கிக் கட்டுக்கா. கோச்சுகிட்ட மூச்சு விடாத." அக்காவுக்குத் தங்கையின் வலி உறைக்கிறது. அந்த உறைப்புக்கு நடுவில், வெட்கமில்லாமல், ஏதோ ஒன்று இனிக்கிறது. கோச் கதவிடுக்கில் தலையை நீட்டுகிறார். "என்னம்மா, இவ கால் எப்படி இருக்கு?" அக்கா டேப்பைப் பல்லால் கடித்து இழுக்கிறாள், கடித்த வாய் பதில் சொல்ல வேண்டியதில்லை. டேப் அறுந்துவிடுகிறது. தங்கை கீழே, அக்காவின் காலைப் பார்க்கிறாள். "நீ எதுக்குக்கா பூட்ஸ் போட்டிருக்க?"