திரும்பக் கிடைத்த வேலை

“இதுக்குப் பேர் பல்லாடா? ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி தேஞ்சு கிடக்கு!”

கான்ட்ராக்டர் பாலசுப்பிரமணியம் டைமிங் கியரை டிரைவர் மீரானின் மூக்குக்கு நேரே நீட்டினார். அந்தமானின் பெரார்கஞ்ச் ஷெட்டில் லாரியின் இன்ஜின் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அறுபத்தெட்டாம் வருட மழை. சாத்தம் மில்லுக்குப் போகவேண்டிய மரமெல்லாம் காட்டிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

“நீ சொல்லு ஜெகநாதன். எப்படித் தேஞ்சுது?”

ஹெட் மெக்கானிக் ஜெகநாதன் கையைத் துடைத்துக்கொண்டான். “ஆயில் இல்லாம ஓடியிருக்கு மொதலாளி. நாலு மாசம் முன்னால இன்ஜினைப் பிரிச்சப்ப கியர் நல்லாத்தான் இருந்துச்சு.”

ஆயில் பார்ப்பது டிரைவரின் பொறுப்பு. அதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மீரான் ஒரு சொல் பொறுக்காதவன். அன்று என்னவோ தலையைக் குனிந்தபடியே நின்றான்.

“சனிக்கிழமை மெட்ராஸ் கப்பல்ல ஏறிடு. நானா அனுப்பினா டிக்கெட் நான்தான் எடுக்கணும்னு அக்ரிமென்ட்ல எழுதித் தொலைச்சிருக்கேன். போ, கண்ணு முன்னால நிக்காதே.”

ஜெகநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு வருடமாக அவனும் மீரானும் ஒரே அறையில் இருப்பவர்கள். மீரானின் மனைவி ரஹ்மத்துன்னிசா தொண்டியில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பார்த்துவர மூன்று தடவை லீவு கேட்டான். மூன்று தடவையும் “வேற டிரைவர் இல்ல” என்றே பதில் வந்தது. இப்போது வேலையும் போய், கெட்ட பெயரையும் சுமந்துகொண்டு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பான்?

“என் வாயாலதானே உனக்கு இந்தக் கதி,” என்றான் ஜெகநாதன்.

மீரான் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். “பார்த்ததைத்தானே சொன்னீங்க அண்ணே. விடுங்க.”

சனிக்கிழமை காலை ஸ்டோரிலிருந்து புதுக் கியர்களை எடுத்து வந்தான் ஜெகநாதன். மாட்டுவதற்கு முன், கியருக்கு ஆயில் வரும் துவாரத்தில் கம்பியை விட்டுப் பார்த்தான். கம்பி இறங்கவில்லை. கொக்கி போட்டு இழுத்ததும், கறுத்துச் சுருண்ட துணித் துண்டு ஒன்று வெளியே வந்தது.

அவனுக்கு வேர்த்துவிட்டது. வேலை நடக்கும்போது அழுக்கு விழாமலிருக்க அந்தத் துவாரத்தைத் துணியால் அடைப்பது அவன் வழக்கம்தான். போன தடவையும் அடைத்தான். மூடுவதற்கு முன் எடுத்துவிட்டதாகத்தான் ஞாபகம். கூட நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த மீரானிடம் கொடுத்ததாகக்கூட ஞாபகம். ஆனால் துணி இதோ கையில் இருக்கிறதே!

யாரும் பார்க்கவில்லை. புதருக்குள் வீசியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஜெகநாதன் நேரே முதலாளியின் மேசைக்குப் போய் அதை வைத்தான்.

“தப்பு என்னுது மொதலாளி. துணியை எடுக்காம மூடிட்டேன். மீரான் ஒண்ணும் பண்ணல.”

பாலசுப்பிரமணியம் துணியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். புது டிரைவர் இன்னும் கிடைத்தபாடில்லை.

“அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன்னு நின்னியே? அந்த லீவு கிடையாது. இங்கேயே கிடந்து வேலை பாரு. சம்மதம்னா சொல்லு, அவனைத் திரும்ப எடுத்துக்கறேன்.”

தாய் தகப்பன் இல்லாத தங்கை. மணமேடையில் பக்கத்தில் நிற்க வேறு ஆள் இல்லை.

“சம்மதம் மொதலாளி.”

முதலாளியின் ஜீப் ஹேடோ துறைமுகத்தில் போய் நின்றபோது கப்பலின் ஏணியை இன்னும் எடுக்கவில்லை. மீரான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி ஏறியிருந்தான்.

“மீரான்! இறங்கு! உன் வேலை உனக்குத்தான்!” ஜீப்பிலிருந்து குதித்துக் கத்தினான் ஜெகநாதன்.

திரும்பிப் பார்த்த மீரானின் முகம் வெளுத்தது. “வேணாம்ணே. நான் போறேன். என்னை விட்டுருங்க.”

ரோஷத்தில் பேசுகிறான் என்று நினைத்தான் ஜெகநாதன். ஓடி ஏறிப் பெட்டியைப் பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, அவனைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தான். பாலசுப்பிரமணியம் அவனிடமிருந்து டிக்கெட்டை வாங்கிக் கப்பல் குமாஸ்தாவிடம் நீட்டினார். “கேன்சல் கர்தோ பாபு.”

“மொதலாளி, ஒரே ஒரு தடவை ஊருக்கு…” என்று இழுத்தான் மீரான்.

“அக்ரிமென்ட் முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. முடிச்சுட்டுப் போ. உனக்காகத் தன் லீவையே விட்டிருக்கான் இவன். கும்பிட்டுக்கோ.”

ஜீப் போய்விட்டது. கப்பல் ஊதியது, ஏணி மேலே ஏறியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

மீரான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

“ஏன்டா அழற? துணியை உள்ள விட்டுத் தப்புப் பண்ணினவன் நான். என்னை மன்னிச்சுடு தம்பி.”

மீரான் கப்பலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க பண்ணலண்ணே. நீங்க எடுத்துக் கொடுத்த துணியை நான்தான் திரும்ப அடைச்சேன். ஊருக்குப் போக எனக்கு வேற வழி தெரியல.”