சட்டைப் பை

இதயத் துடிப்புக்காக இடது மார்பில் வைத்த பேஸ்மேக்கர் பக்கத்தில் செல்போன் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், ரோஸ்லின் தன் கணவன் ஞானதிரவியத்தின் சட்டைப் பைகளையெல்லாம் பிரித்து வலப்பக்கம் தைத்தாள். ஆஸ்பத்திரிக் கிருமியால் இடப்பக்கம் சீழ் வைத்தது. கருவியை எடுத்து வலது மார்பில் வைத்தார்கள். பைகளை மறுபடி இடப்பக்கம் மாற்றினாள். இப்போது வலப்பக்கமும் சிவந்து கசிகிறது. நாளை அதையும் எடுக்கிறார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, வழக்கம்போல் முந்திக்கொண்டு பையைப் பிரித்துவிட்டாள். சட்டையின் இரண்டு பக்கமும் பழைய தையல் துளைகள் சதுரமாகத் தெரிந்தன.

“அடுத்து எங்க வைப்பாங்களாம்?”

“டாக்டருக்கே தெரியலயாம்ட்டி.”

ஊசியில் நூலைக் கோத்தாள்.

“நீங்களாவது சொல்லுங்க. இத எங்கன தைக்க?”

அவன் அந்தத் துண்டுத் துணியை வாங்கி இடது மார்பில் வைத்துப் பார்த்தான். வலதில் வைத்துப் பார்த்தான். பிறகு மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.