வைரம் பாய்ந்த பலகை

போன மழைக்கு முன்னால் நகராட்சி தோண்டிய பள்ளம், இந்த மழைக்கும் பட்டறை வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்டி வர யாருக்குத் தலையெழுத்து? இந்த மாதமும் வேலை வராவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று தச்சர் புழுங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பள்ளத்தின் மேல் கிடந்த பலகையில் தட்டுத்தடுமாறி ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார்.

"வெளியில நடுற மாதிரி ஒரு போர்டு வேணும். எந்த மரம் போடலாம்?"

"மாமரம் போதும் சார். சல்லிசா முடிஞ்சிடும்."

"ரெண்டு மழைக்கே உளுத்துடும்யா."

"அப்போ வேம்பு. கரையான் கிட்ட வராது. அஞ்சாறு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "பத்தாதே!"

தச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வந்த கிராக்கியை விட மனசில்லை. மூலையில் கிடந்த வேங்கைக் கட்டையைத் தட்டிக் காட்டினார்.

"வைரம் பாஞ்சது சார். வெயிலோ மழையோ, நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்."

"இதுதான்யா வேணும்! இதுலயே செஞ்சிடு."

தச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "என்ன எழுதணும் சார்? எங்க நடணும்?"

"உன் பட்டறை வாசல்லதான். எழுதிக்கோ: சிரமத்திற்கு வருந்துகிறோம். பள்ளம் விரைவில் மூடப்படும்."

'விரைவில்' வரைக்கும் வந்த பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

"சார், உங்க கால்ல விழறேன். காசே வேணாம். முருங்கைக் கட்டையில செஞ்சு தரேன், வாங்கிக்கோங்க!"