லூசியாவின் பார்வை

மரத்துக்கு உயிர் கொடுக்கும் வரம் தமக்கு வாய்த்திருப்பதாகச் சிற்பி எல்லோரிடமும் சொல்வார். ஆர்டர் கொடுக்க வருபவர்களோ உயரத்தையும் வண்ணத்தையும் பற்றி மட்டுமே கேட்பார்கள்.

அன்று காலை, கண்நோய்க்காரர்களின் பாதுகாவலியான புனித லூசியாவின் சுரூபத்தைப் பார்க்கக் கோயில் கமிட்டித் தலைவர் வந்தார்.

“கண்ணு வரைஞ்சாச்சா?”

“விடியக்காலமே முடிச்சிட்டேங்க. அதுதான் கடைசி வேலை.”

துணியை விலக்கியதுமே தலைவர் கைகூப்பித் தலைகுனிந்து தழுதழுத்தார். “அடடா, என்ன பார்வைய்யா! என் பாவமெல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பன்னிரண்டு அப்போஸ்தலர்களையும் நீங்கதான் செய்யணும்!”

சிற்பிக்கு உயிர் வந்தது. இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

தலைவர் போனதும் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையைத் தேடிப் பிடித்து, டம்ளரை அதற்குள் வைத்தாள்.

“ரெண்டு மாசமா வெறும் நிழலாத்தான் தெரியுதுன்னு அவர்கிட்ட சொல்லிடக் கூடாதா?”

“சொன்னா யாரு வேலை குடுப்பா? கண்ணு எங்கே இருக்குன்னு என் விரலுக்குத் தெரியும். இடதுபக்கம் முதல் பெயிண்ட் டப்பா கறுப்பு. அவ்வளவுதானே!”

மனைவி சட்டென்று டப்பாக்களின் பக்கம் நடந்தாள்.

“என்னடி?”

“நேத்துப் பெருக்கும்போது டப்பாவையெல்லாம் எடுத்துத் திருப்பி வெச்சேங்க.”

“இடதுபக்கம் முதல்ல எதை வெச்சே?”

“வெள்ளைய.”

டம்ளரைக் கீழே வைக்க அவர் இடம் தடவினார். மனைவி நிமிர்ந்து சுரூபத்தைப் பார்த்தாள்.

தலைவர் பார்த்துத் தழுதழுத்த லூசியாவின் முகத்தில் கருவிழியே இல்லை.