கவனம், மாதம் நானூறு

“கவனத்துக்கு மாசம் நானூறு ரூபாம்மா. மூணு மாசமா வாங்கினேன். உங்க பொண்ணுகிட்ட அந்தச் சரக்கே இல்ல” என்றார் அப்பாசாமி.

வெளிநாட்டுக்காரர்களுக்கு நடந்த தியான வகுப்பில் நாலு நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பொறுக்கியதை, செங்கம் ரோட்டு மாடியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கவனப் பயிற்சி என்று சில்லறையில் விற்று வந்தார். அந்தப் பெண் சுருதிக்குப் பகலில் பள்ளியிலும் அவர்தான் வகுப்பு வாத்தியார். பணம் கட்ட எப்போதும் அப்பன் வருவான். அம்மா தர்மவதி மகளோடு வந்தது இன்றுதான்.

“போர்டுல எழுதிக்கிட்டே கேள்வி கேப்பேன். எல்லாம் பதில் சொல்லுதுங்க. இது மட்டும் பொம்மை மாதிரி உக்காந்துனு இருக்கு. கவனம் இல்லாத எடத்துல அறிவு ஏது? ஏழாவதையே இன்னொரு வருஷம் படிக்கட்டும்னு எழுதப் போறேன்.”

“எழுதிக்கிட்டேவா கேப்பீங்க?” தர்மவதியின் குரலுக்கு எதிர்க்கடைகள் திரும்பிப் பார்த்தன. “கையில அள்ளினாலே பழைய அரிசியா புது அரிசியானு சொல்ற பொண்ணு சார். அதுக்கா அறிவு கம்மி?”

அரிசி மண்டிக்காரிக்கு இத்தனை வாயா? அப்பாசாமிக்குச் சுருக்கென்றது. கீழே ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. அவர்தான் துள்ளினார், அவள் இமைகூடக் கொட்டவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று பொருமியபடி பலகைப் பக்கம் திரும்பி, அழிக்கத் தொடங்கினார்.

“தவிடு விக்கிற வீட்டுல மூளையும் தவிடாத்தான் இருக்கும்.”

பதில் இல்லை. வாயடைத்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க சார்.”

“எனக்கே மரியாதை சொல்லித் தர்றீங்களா?” என்று திரும்பினார்.

தர்மவதி மகளைத் தன் எதிரே நிறுத்தினாள். “பாப்பா, போர்டைப் பாத்து சார் என்ன சொன்னாரு?”

சுருதி சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை. அந்தத் ‘தவிடு’ அப்பாசாமிக்கே வாசிக்கத் தெரிந்தது.

“எனக்குக் காது போயி ஆறு வருஷம் ஆச்சு சார். முகம் பாத்துப் பேசலன்னா அது பேச்சே இல்லனு எங்க வீட்டுச் சட்டம். அதான் உங்க முதுகுக்கு அவ பதில் சொல்லல. அரை மணி நேரமா எதிர்லயே நிக்கிறேன், கவனம் விக்கிறவரு கவனிக்கல. எடை கொறைஞ்சா எங்க மண்டியில பணம் வாபஸ். ஆயிரத்து இருநூறை எடுத்து வெச்சிட்டு, ஏழாவதுல இன்னொரு வருஷம் யாரு உக்காரணும்னு இப்ப எழுதுங்க.”